வெள்ளவத்தையில் ஒரு மன்செஸ்டர் சீடி

படப்பாட்டு சீடி என்றால் எங்கள் ஆட்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்தாறு பாட்டு, ஒரு தீம் மியூசிக், அதில் இரண்டு தேறினால் காசுக்கு நட்டமில்லை. ‘24 ஹவர் பார்ட்டி பீப்பிள்’ இசைத்தட்டை அந்தக் கணக்கில் போட முடியாது. 2002இல் மைக்கல் விண்டர்பொட்டம் எடுத்த படம், ஸ்டீவ் கூகன் நடித்தது. சீடியில் 18 பாட்டு. அதில் ஒன்றே ஒன்றுதான் படத்துக்கென்று புதிதாக எழுதியது. மற்றவை மன்செஸ்டர் என்ற பழைய பஞ்சாலை நகரம் 1976இல் இருந்து பத்துப் பதினைந்து வருடமாகக் கேட்டு, ஆடி, சண்டை பிடித்து, சிலவேளை அழுதும் தீர்த்த பாட்டுக்கள். படம் பார்க்காமலே கேட்கலாம். நான் அப்படித்தான் கேட்டேன், படம் பிறகுதான் கைக்குக் கிடைத்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். குறை இருக்கிறது, அதைக் கீழே வயிறாரத் திட்டப் போகிறேன், ஆனால் ஒரு ஊரின் பங்க் என்கிற முரட்டு ரொக் இசையையும் நடன இசையையும் ஒரே சீடியில் போட்டு, இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று காதுக்குக் காட்டிய வேறொரு சீடி எனக்குத் தெரியாது. கட்டுரை எழுதிச் சொல்வது லேசு. பாட்டை அடுக்கியே சொல்லியிருக்கிறார்கள், அதுதான் விசயம்.

படம் யாரைப் பற்றியது என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டொனி வில்சன் கிரனாடா தொலைக்காட்சியில் வேலை செய்தவர். பகலில் உள்ளூர்ச் செய்தி, இரவில் பாட்டுக்காரர்களோடு கூத்து. அவரும் கூட்டாளிகளும் தொடங்கியதுதான் ஃபெக்டரி ரெக்கோர்ட்ஸ். பாட்டு பாடினவனுக்கே சொந்தம், கொம்பனிக்கு எதுவும் சொந்தமில்லை என்பது அவர்களுடைய ஒப்பந்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1992இல் கடன் கழுத்தை நெரித்து, லண்டன் கொம்பனி ஒன்று வாங்க வந்தபோது விற்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. அப்புறம் அந்த இலக்கப் பைத்தியம். வெளியிடுகிற தட்டுக்கு மட்டும் இலக்கம் போட்டால் பரவாயில்லை, நடத்திய கிளப்புக்கு 51, கிளப்பில் வளர்ந்த பூனைக்கு 191, தங்களுடைய தயாரிப்பாளரே தங்கள் மேல் போட்ட வழக்குக்கு 61. இந்தப் படத்துக்கு 401. வில்சன் 2007இல் இறந்தபோது சவப்பெட்டிக்கு 501. இப்படி ஒரு விசர்க் கூட்டம் நடத்திய கொம்பனியின் கதைக்கு ஒழுங்கான சீடி எப்படி வரும்?

ஒழுங்காக வரவில்லை. தொடக்கம் செக்ஸ் பிஸ்டல்ஸின் ‘அனார்க்கி இன் த யூகே’. லண்டன் ஆட்கள், மன்செஸ்டருக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், 1976 ஜூன் 4, மன்செஸ்டரின் லெஸர் ஃப்ரீ ட்ரேட் ஹோலில் அவர்கள் வாசித்த இரவு. 50 பென்ஸ் டிக்கெட். வந்தது ஏறக்குறைய நாற்பது பேர். ஒழுங்கு செய்தவர்கள் பிறகு பஸ்கொக்ஸ் என்ற குழு ஆன பொடியன்கள். கேட்க வந்தவர்களில் பேர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் இருந்தார்கள், ஹுக் அடுத்த நாளே போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார், அந்தக் கிட்டார் வழியாகத்தான் ஜோய் டிவிஷன் குழு வந்தது, அதில் பாடினவர் இறந்த பிறகு மிஞ்சியவர்கள் வழியாக நியூ ஓர்டர் வந்தது. நாற்பது பேர் என்பது எங்கள் பக்கத்தில் ஒரு அந்தியேட்டி வீட்டுக்குக் கூடக் காணாது. ஆனால் அந்த நாற்பது பேரும் ஆளுக்கொரு கிட்டாரைத் தூக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு மிச்சம் 17 பாட்டும் சாட்சி. (அன்றைக்கு நானும் அங்கே நின்றேன் என்று பின்னாளில் சொல்லிக்கொண்டவர்களைக் கூட்டினால் கொழும்பு சுகததாச அரங்கமும் போதாது என்பது வேறு கதை.)

சரி, அடுத்து 1977 வரும் என்று நினைப்பீர்கள். வராது. இரண்டாவது பாட்டிலேயே ஹெப்பி மண்டேஸ் குழு, படத்துக்குப் பெயர் கொடுத்த பாட்டு, 1987. பதினொரு வருடத்தை ஒரே பாய்ச்சலில் தாண்டி, மறுபடி ஜோய் டிவிஷனின் ‘ட்ரான்ஸ்மிஷ’னுக்காக 1979க்குத் திரும்புகிறது. முதல் தடவை கேட்கும்போது எரிச்சல் வரும். வரிசையாக அடுக்க இவர்களுக்கு என்ன கேடு என்று தோன்றும். ஆனால் காதைக் கொடுத்துக் கேளுங்கள், பாட்டு மாறுகிற இடங்களில் டிரம்ஸை மட்டும் கேளுங்கள். ‘ட்ரான்ஸ்மிஷன்’ பங்க் பாட்டு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதன் பல்லவி வானொலிக்கு ஆடச் சொல்கிறது. இரண்டாம் பாட்டில் மேசை உடைய ஆடிய கால், மூன்றாம் பாட்டிலும் அதே இடத்தில்தான் விழுகிறது, கொஞ்சம் இறுக்கமாக, பயந்துபோய் ஆடுகிற மாதிரி. வருட வரிசையில் அடுக்கியிருந்தால் முதலில் பங்க், பிறகு சோகம், பிறகு டிஸ்கோ என்று பள்ளிக்கூட வரலாற்றுப் பாடமாகப் போயிருக்கும். குலைத்துப் போட்டதால் ஒன்றுக்குள் ஒன்று கேட்கிறது.

இந்த விசயத்துக்கு நல்ல அத்தாட்சி ஒரு மனிதர்: ஸ்டீவன் மொரிஸ், டிரம்ஸ். ஜோய் டிவிஷனிலும் அவர், நியூ ஓர்டரிலும் அவர். இந்தச் சீடியில் ‘ட்ரான்ஸ்மிஷன்’, ‘அட்மொஸ்பியர்’, ‘ஷீஸ் லொஸ்ட் கொன்ட்ரோல்’, ‘டெம்ப்டேஷன்’, ‘ப்ளூ மண்டே’, ‘ஹியர் டு ஸ்டே’, ‘லவ் வில் டெயார் அஸ் அபார்ட்’ எல்லாவற்றிலும் கை அவருடையது. ‘ப்ளூ மண்டே’யில் அடிப்பது மெஷின்தான், ஆனால் அந்த மெஷினுக்கு வழி காட்டிய கை எங்கே பழகியது என்று தெரிய வேண்டுமானால் ‘ஷீஸ் லொஸ்ட் கொன்ட்ரோ’லைக் கேளுங்கள்.

அந்தப் பாட்டில் கொஞ்சம் நிற்க வேண்டும். மார்ட்டின் ஹனெட் தயாரிப்பு, ஸ்டொக்போர்ட்டில் உள்ள ஸ்ட்ரோபெரி ஸ்டூடியோ, 1979. ஹனெட்டுக்கு டிரம்ஸ் செற் முழுவதையும் ஒன்றாக அடித்தால் பிடிக்காது. ஒவ்வொரு மேளத்தையும் தனித்தனியாக அடிக்கச் சொல்லி, தனித்தனியாகப் பதிந்து, பிறகு எதிரொலிப் பெட்டிக்குள்ளால் விட்டு ஒட்டுவார். அடிக்கிறவனுக்கு உயிர் போகும். மேளத்தோடு மேளமாக ஸ்ப்ரே கேன் அடிக்கிற சத்தத்தையும் அந்தப் பாட்டுக்காகச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல ஹெட்போனில் கேட்டால் ஒவ்வொரு அடிக்கும் இடையில் ஒரு வெறும் அறை இருக்கிறது, அந்த அறைக்குள் யாரும் இல்லை. மனிதன் அடித்த மேளத்தை மெஷின் மாதிரி ஆக்கிவிட்டார். பாடுகிற இயன் கேர்ட்டிஸ் அந்த நாட்களில் வேலைவாய்ப்புக் கந்தோர் ஒன்றில் வேலை செய்தார், அங்கே உதவி தேடி வந்த, வலிப்பு நோய் உள்ள ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு அது. பிறகு அவருக்கும் அதே வலிப்பு. 1980 மே 18, அமெரிக்கப் பயணம் புறப்பட இருந்த நேரம், 23 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். இதெல்லாம் தெரிந்த பிறகு அந்த மேளத்துக்கு ஆட முடியுமா என்றால், ஆட முடிகிறது. கால் கேட்கவில்லை.

சீடியில் அந்தப் பாட்டு எங்கே வருகிறது தெரியுமா? மார்ஷல் ஜெபர்சனின் ‘மூவ் யோர் பொடி’க்கு அடுத்தது. அது 1986, சிக்காகோ, ஹவுஸ் என்கிற மெஷின் தாள நடன இசையின் தேசிய கீதம் என்று சொல்லலாம். பியானோ கொட்டுகிற பாட்டு. ஜெபர்சன் அப்போது தபால் கந்தோரில் வேலை பார்த்தவர், கூட வேலை செய்தவர்களையும் இழுத்து வந்துதான் பாட வைத்தார். ஒரு தபால் கந்தோர்க்காரனின் கொண்டாட்டம், அதற்குப் பின்னாலேயே ஒரு வேலைவாய்ப்புக் கந்தோர்க்காரனின் பயம். அடுக்கியவர் இதை யோசித்துத்தான் அடுக்கினாரா, தற்செயலா, எனக்குக் கவலையில்லை. அந்தச் சந்தி ஒன்றுக்காகவே இந்தச் சீடிக்குக் காசு கொடுக்கலாம்.

‘ப்ளூ மண்டே’ பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. 1983 மார்ச்சில் வந்தது, 12 அங்குலத் தட்டாக மட்டும், ஏழரை நிமிடம். கணினி ப்ளொப்பி மாதிரி வெட்டுப் போட்ட உறை, பீட்டர் செவில் வடிவமைத்தது. விற்கிற ஒவ்வொன்றுக்கும் கொம்பனிக்கு நட்டம் என்ற கதை இன்றும் ஓடுகிறது, படத்திலும் அதை வைத்து ஒரு பகிடி உண்டு. 12 அங்குலத் தட்டுக்களில் உலகத்திலேயே ஆகக் கூடுதலாக விற்றது அதுதான். நான் சொல்ல வந்தது வேறு. 1983 மார்ச்சில் அங்கே ஒரு நகரம் மெஷினுக்கு ஆடப் பழகிக்கொண்டிருந்தது. அந்த வருடம் கறுப்பு ஜூலையில் இந்தக் கொழும்பில், இந்தக் காலி வீதியில் என்ன நடந்தது என்று இதை வாசிக்கிற யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பாட்டின் தொடக்கத்தில் தட்டுகிற அடியை வெள்ளவத்தையில் இருந்து கேட்கும்போது அந்த வருட இலக்கம் எனக்கு இடறும். பாட்டின் பிழை ஒன்றும் கிடையாது.

ஏன் எங்களுக்கு இப்படி ஒரு சீடி இல்லை என்று கேட்டால் பாதிப் பதில் அதற்குள் இருக்கிறது. மிச்சப் பாதி சோம்பல். 1970களில் இலங்கை வானொலியில் தமிழ் பொப் ஓடிய காலத்தை எங்கள் அப்பா அம்மாக்களிடம் கேளுங்கள், முகம் மாறும். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ இன்றைக்கும் கல்யாண மண்டபத்தில் போட்டால் பெரியம்மாக்களே எழும்புகிறார்கள். ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யைக் கடல் தாண்டிக் கொண்டுபோனார், சிலோன் மனோகர் என்று பெயரும் வாங்கினார். முந்தியவர் அவுஸ்திரேலியா போனார், பிந்தியவர் சென்னை போனார், 2018இல் அங்கேயே காலமானார். சிங்களப் பக்கத்தில் பைலா என்கிற ஆட்டப் பாட்டு, வொலி பஸ்டியன் காலத்தில் இருந்து ஜிப்சீஸ் குழு வரை ஓடி, இன்னும் ஓடுகிறது. மெட்டல் பக்கம் போனால் ஸ்டிக்மாட்டா மாதிரி இந்த ஊர் பேண்டுகள். பள்ளிக்கூடக் கிரிக்கெட் பிக் மெட்ச் நாட்களில் பப்பரே வாத்தியம். இதையெல்லாம் ஒரே சீடியில், ஒரே மூச்சில், மொழி பார்க்காமல் அடுக்கி யாராவது தந்தார்களா? தமிழ் பொப் தனித் தட்டில், பைலா தனித் தட்டில், இங்கிலிஷ் பேண்டுகள் தனி அலுமாரியில்.

இதில் ஒரு சின்ன இசை விசயமும் இருக்கிறது. பைலாவுக்கு எட்டுக்கு ஆறு தாளம், கால் உருண்டு உருண்டு போகும். ஹவுஸ் நேராக நான்கு அடி, கொட்டுக் கொட்டென்று. எங்கள் ஊர்க் கால்களுக்கு முதலாவது பிறவியிலேயே வந்துவிடுகிறது, இரண்டாவதுக்குக் கொஞ்சம் பழக வேண்டும். பார்ட்டிகளில் கவனித்திருக்கிறேன்: டிஜே இங்கிலிஷ் பாட்டு போடும்போது சனம் கிளாசைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டும், பைலா வந்ததும் கிளாஸ் மேசைக்குப் போய்விடும். ஆனால் ஹெப்பி மண்டேஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ‘ஹலலூயா’வின் கிளப் மிக்ஸை மச்சான் ஒருவனின் பிறந்தநாளுக்குப் போட்டுப் பார்த்தேன், அண்டர்சன் தொடர்மாடியில். இங்கிலிஷ் பாட்டே பிடிக்காத ஆட்கள் ஆடினார்கள். தாளம் இடுப்பால் போகிறது, அவசரமே இல்லை. பெஸ் என்ற ஆள் அந்தக் குழுவில் பாடவும் மாட்டார், வாசிக்கவும் மாட்டார், மரக்கஸ் ஒன்றைக் குலுக்கிக்கொண்டு ஆடுவது மட்டும்தான் வேலை. அப்படி ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிற பேண்ட் கொழும்பில் பிறந்திருக்க வேண்டியது.

மண்டேஸின் மூன்று பாட்டில் எனக்குப் பிடித்தது ‘லூஸ் பிட்’. இரவு பத்து மணிக்கு மரீன் டிரைவில் பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து தெகிவளைப் பக்கம் ஓட்டும்போது கேட்க அந்த மாதிரி. கிட்டார் ஒரே வட்டத்தில் சுற்றுகிறது, வலது கைப் பக்கம் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். ஆனால் ‘24 ஹவர் பார்ட்டி பீப்பிள்’ பாட்டையே ஏன் ஜோன் கார்ட்டரின் மிக்ஸில் போட்டார்கள் என்று புரியவில்லை. மூலப் பாட்டில் இருந்த அழுக்கு போய்விட்டது. தலைப்புப் பாட்டையே குளிப்பாட்டி, பவுடர் போட்டு, சபைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இனி ‘வூடூ ரே’. 1988, எ கை கோல்ட் ஜெரல்ட் என்ற பெயரில் ஜெரல்ட் சிம்சன் செய்தது. எனக்கு இந்தச் சீடியின் நடுமுள்ளே இதுதான். இதில் ஒரு கதை உண்டு. ஒரு பகிடித் தட்டில் இருந்து ‘வூடூ ரேஜ்’ என்ற சொல்லை எடுத்துப் போடப் பார்த்திருக்கிறார், ஒலித்துண்டுகளைப் பிடித்து வைக்கிற சாம்ப்ளர் மெஷினின் நினைவகத்தில் இடம் காணவில்லை, கடைசி எழுத்து வெட்டுப்பட்டு ‘ரே’ என்று நின்றுவிட்டது. பாட்டுக்குப் பெயரும் அதுவாகிவிட்டது. காசு இல்லாதவனின் மெஷின் வைத்த பெயர். அதற்கு மேலே ஒரு பெண் குரல் சொல் எதுவும் இல்லாமல் நெளிந்து போகிறது, கீழே பேஸ் குமிழி விடுகிறது. இன்றைக்கு மடிகணினியில் எல்லாம் செய்கிற எங்கள் பொடியன்கள் ஒருக்கா இதைக் கேட்க வேண்டும், எவ்வளவு கொஞ்சச் சாமானில் செய்தது என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

808 ஸ்டேட்டின் ‘பசிபிக் ஸ்டேட்’ 1989. சாக்சபோனும் ஒரு பறவையின் குரலும் வருகிற பாட்டு, லூன் என்ற நீர்ப்பறவை. விடியப்புறம் நாலரைக்குக் கேட்க வேண்டிய பாட்டை மத்தியானம் கேட்டால் லிப்ட்டில் போடுகிற இசை மாதிரித்தான் இருக்கும், நேரம் பார்த்துக் கேளுங்கள்.

இந்தப் பாட்டுக்களெல்லாம் ஓடிய இடம் ஹசியெண்டா, ஃபெக்டரி 51 என்று இலக்கம் போட்ட அந்தக் கிளப். 1982 மே 21இல் திறந்தார்கள், முன்னம் படகு விற்கிற காட்சியறையாக இருந்த கட்டடம், தூண்களுக்கெல்லாம் மஞ்சள் கறுப்புக் கோடு, பென் கெலி வடிவமைத்தது. முதல் வருடங்களில் ஈயோட்டியது, நியூ ஓர்டரின் தட்டு விற்ற காசு முழுவதையும் விழுங்கியது. கடைசியில் ஹவுஸ் இசை வந்து நிரம்பி வழிந்தபோதோ, வந்த சனம் எக்ஸ்டசி என்ற போதை மாத்திரையைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்து ஆடியது, பாரில் வியாபாரம் இல்லை. 1997இல் பூட்டி, பிறகு இடித்து, அந்த இடத்தில் அதே பெயரில் தொடர்மாடி கட்டி வீடு விற்றார்கள். படத்துக்காக உள்ளே இருந்த மண்டபத்தைச் செற் போட்டுத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. வெள்ளவத்தையில் இருக்கிறவனுக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் ஒழுங்கையில் வீடு இருந்த இடமெல்லாம் தொடர்மாடி. பழைய வீட்டின் பெயரைக்கூட யாரும் வைப்பதில்லை.

குறைகளுக்கு வருவோம்.

க்ளாஷின் ‘ஜேனி ஜோன்ஸ்’ நல்ல பாட்டு, எனக்கு உயிர், ஆனால் இங்கே என்ன வேலை? லண்டன் பாட்டு. பிஸ்டல்ஸுக்கு ஜூன் 4 என்ற நியாயம் இருக்கிறது, மார்ஷல் ஜெபர்சனுக்கு ஹசியெண்டா மேடை என்ற நியாயம் இருக்கிறது. க்ளாஷுக்கு அந்த நியாயத்தைத் தேடிப் பார்த்தேன், பெயர் தெரிந்த பாட்டு ஒன்று இருந்தால் சீடி விற்கும் என்பதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை. அதற்குப் பக்கத்தில் வைத்த பஸ்கொக்ஸின் ‘எவர் ஃபோலன் இன் லவ்’ மூன்று நிமிடம்கூட இல்லை. காதலிக்கக் கூடாத ஆளைக் காதலித்த கதையை, தீப்பிடித்து எரிகிற வேகத்தில் சொல்லி முடிக்கிறது, அதுவே போதுமாக இருந்தது. அதைப் பாடிய பீட் ஷெலி 2018 டிசம்பரில் போய்விட்டார். அந்தக் குரலின் கெஞ்சல் மட்டும் இன்னும் பதினெட்டு வயதில் நிற்கிறது.

அடுத்தது ‘நியூ டோன் ஃபேட்ஸ்’. ஜோய் டிவிஷன் பதிந்த மூலம் இருக்கும்போது, நியூ ஓர்டரும் அமெரிக்கப் பாட்டுக்காரர்கள் மோபியும் பில்லி கோர்கனும் சேர்ந்து மேடையில் வாசித்ததைப் போட்டிருக்கிறார்கள். பிழை இல்லாமல் வாசிக்கிறார்கள். ஆனால் கேர்ட்டிஸ் பாடினபோது அந்தப் பாட்டில் ஒரு கிணறு இருந்தது, இங்கே கிணற்றுக்கு மூடி போட்டு மேலே நின்று பாடுகிறார்கள். நான் தாண்டிவிடுவேன். அதற்குப் பின்னால் ‘அட்மொஸ்பியர்’ வந்து அந்த மூடியைத் திறந்துவிடுகிறது, அதுவரைக்கும் நல்லது.

டுருட்டி கொலத்தின் ‘ஓட்டிஸ்’ பற்றி யாரும் எழுதுவதில்லை. வினி ரைலி என்ற ஒல்லி மனிதரின் கிட்டார், அதற்குள் ஓட்டிஸ் ரெடிங்கின் குரலை வெட்டி வெட்டிப் போட்டிருக்கிறார். இவருடைய முதல் இசைத்தட்டுக்கு உறையாக மண்தாள் ஒட்டினார்கள், பக்கத்தில் அடுக்கி வைக்கிற மற்றத் தட்டுக்களைத் தேய்த்துக் கெடுப்பதற்கென்றே. ஒட்டிக் கொடுத்தது கைக்காசுக்கு வந்த ஜோய் டிவிஷன் பொடியன்கள். உறை அப்படி, உள்ளே இருக்கிற இசையோ பஞ்சு. சத்தமாகக் கத்துகிற பாட்டுக்களுக்கு நடுவில் இது வந்ததும் அம்மா அறைக்குள் எட்டிப் பார்த்து “இது நல்லாயிருக்கே, இதையே போடன்” என்றா. 18 பாட்டில் வீட்டில் தேறியது இந்த ஒன்றுதான்.

இல்லாதவை: த ஃபோல் இல்லை, எ சேர்ட்டன் ரேஷியோ இல்லை. ஸ்மித்ஸும் ஸ்டோன் ரோசஸும் இல்லையே என்று சிலர் கோபிக்கிறார்கள், அவர்கள் ஃபெக்டரி ஆட்கள் இல்லை, படமும் ஃபெக்டரி கதை, விட்டுவிடலாம். ஆனால் எ சேர்ட்டன் ரேஷியோவை விட்டதை மன்னிக்க மாட்டேன். பங்க் காலத்திலேயே ஃபங்க் என்கிற கறுப்பின நடனத் தாளத்தை வாசித்த பொடியன்கள், ஃபெக்டரியின் தொடக்க ஆட்கள். பங்குக்கும் நடனத்துக்கும் நடுவில் பாலம் எங்கே என்று கேட்டால் கை காட்ட வேண்டிய இடமே அவர்கள். க்ளாஷைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வைத்திருந்தால் இந்தப் பந்தியை நான் எழுதியிருக்க மாட்டேன்.

புதிய பாட்டு ‘ஹியர் டு ஸ்டே’, நியூ ஓர்டர் படத்துக்காகச் செய்தது, தயாரிப்பு கெமிக்கல் பிரதர்ஸ். பரவாயில்லை. அதற்கு முன்னால் 1982இன் ‘டெம்ப்டேஷன்’ இருக்கிறது என்பதுதான் அதன் கெட்ட காலம். ‘டெம்ப்டேஷ’னில் சம்னருக்குப் பாடத் தெரியாது. கூட்டாளி செத்துப்போய், பாடுவதற்கு வேறு ஆள் இல்லாமல் மைக்குக்கு முன்னால் வந்து நிற்கிறவரின் குரல் அது, சுருதியைத் தேடித் தேடிப் பிடிக்கிறது, பிடித்தவுடன் பாட்டே தூக்கிக்கொண்டு போகிறது. இருபது வருடம் கழித்து ‘ஹியர் டு ஸ்டே’யில் பாடத் தெரிந்துவிட்டது. என்ன செய்ய.

பதினெட்டாவதாக ‘லவ் வில் டெயார் அஸ் அபார்ட்’. கேர்ட்டிஸ் இறந்து அடுத்த மாதம் வெளிவந்த பாட்டு. எல்லோரும் கடைசியில் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள், அதனால்தான் எனக்கு அது கடைசியில் வேண்டாம். ஒரு ஊர் இறந்தவனைத் தாண்டி எப்படி ஆடியது என்று ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகக் காட்டிவிட்டு, பிறகு திரும்பவும் இறந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுகிறார்கள். நான் வீட்டில் கேட்கும்போது ‘ட்ரான்ஸ்மிஷ’னுக்குப் பின்னால் இதைப் போட்டு, ‘ஹலலூயா’வில் முடிக்கிறேன். செய்து பாருங்கள், சீடி ஐந்து வயது குறைந்துவிடும்.

வாங்குவது பற்றி. எங்கள் காலத்தில் ரெக்கோர்டிங் பாரில் கசற்றைக் கொடுத்து, பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து அடித்து எடுப்போம், சீடி வந்த பிறகு கொப்பி சீடி. இதையும் முதலில் கொப்பியாகத்தான் வாங்கினேன், கடையின் பெயர் வேண்டாம், இப்போது அங்கே போன் கவர் விற்கிறார்கள். உறையில் 18 பாட்டு அச்சடித்திருந்தது, உள்ளே 16 ஓடியது, ‘பசிபிக் ஸ்டேட்’ நடுவில் திக்கியது. ஒழுங்கான சீடி லண்டனில் இருந்து மச்சான் கொண்டுவந்து தந்தது, அங்கே பழைய தட்டுக் கடைகளில் மலிவாகக் கிடக்கிறதாம். அங்கே உங்களுக்கு யாரும் இருந்தால் சொக்லேட்டுக்குப் பதிலாக இதைக் கேளுங்கள், பாரமும் குறைவு. யாரும் இல்லையென்றால் பாட்டுக்களை ஒவ்வொன்றாகத் தேடி போனில் இதே வரிசையில் அடுக்குங்கள். அப்படி அடுக்கும்போது ‘நியூ டோன் ஃபேட்ஸ்’ஸுக்கு மட்டும் ஜோய் டிவிஷனின் மூலத்தைப் போடுங்கள், தலைப்புப் பாட்டுக்கு 1987இல் வந்ததைப் போடுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம், ஹுக்கின் பேஸ் அதில் வராது, பேஸ் இல்லாவிட்டால் இந்தச் சீடியில் பாதி இல்லை.